காவலும் உறவும்

விசுவாசத்துக்கு நாயை உதாரணம் காட்டுவது நம் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். பழகிப்போனதாலேயே அதற்குள் இருக்கும் ஓர் அனுமானம் கண்ணில் படுவதில்லை. நாயின் விசுவாசம் என்றால் எஜமானனிடம் விசுவாசம் என்று எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணம் அவன் போடும் சோறு என்றும் எடுத்துக்கொள்கிறோம். நன்றியுள்ள பிராணி என்ற பாராட்டில் ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு இருக்கிறது. இந்தக் கணக்கில் அடங்காத நாய்கள் உண்டு. இத்தாலியின் மலைகளிலும் துருக்கியின் பீடபூமியிலும் தென் அமெரிக்கப் புல்வெளிகளிலும் செம்மறி மந்தைக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, மந்தைக்குள்ளேயே படுத்து, மந்தையைக் காக்கிற நாய்கள். சோறு போடுகிறவனைவிட ஆடுகளிடம்தான் அவற்றுக்கு ஒட்டுதல் அதிகம். இவற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது காவல், விசுவாசம், அன்பு ஆகிய சொற்களை நாம் எத்தனை அஜாக்கிரதையாகப் புழங்கி வருகிறோம் என்று எனக்குத் தோன்றியது.

1833 நவம்பரில் டார்வின், இன்று உருகுவே எனப்படும் பிரதேசத்தில் குதிரைமேல் பயணம் செய்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 24. சில மைல் தூரத்துக்கு வீடோ மனிதனோ இல்லாத வெளியில் பெரிய மந்தை ஒன்றை ஓரிரு நாய்கள் மட்டும் காத்து நிற்பதை அடிக்கடி பார்த்தார். இவ்வளவு உறுதியான சிநேகம் எப்படி உண்டாயிற்று என்று விசாரித்தவர், கிடைத்த பதிலைத் தன் பயண நூலில் எழுதிவைத்திருக்கிறார். நாய்க்குட்டியை மிகச் சிறு பருவத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். நாளைக்கு மூன்று நான்கு தடவை ஒரு தாய் ஆட்டைப் பிடித்து நிறுத்தி, குட்டியை அதன் மடியில் விடுகிறார்கள். பட்டிக்குள் ஆட்டு ரோமத்தால் ஒரு கூடு அமைத்து அதில் படுக்க வைக்கிறார்கள். வேறு நாய்களோடு சேர விடுவதில்லை. வீட்டுக் குழந்தைகளோடும் விளையாட விடுவதில்லை. பெரும்பாலும் காயடித்தும் விடுகிறார்கள். தன் இனத்தோடு பகிர்ந்துகொள்ள அதற்கு எந்த உணர்ச்சியும் மிஞ்சக்கூடாது என்பது ஏற்பாடு. இப்படி வளர்ந்த நாய்க்கு மந்தையை விட்டுப் போக ஆசையே வருவதில்லை. வேறொரு நாய் மனிதனைக் காப்பதுபோல இது ஆடுகளைக் காக்கிறது. அந்நியன் நெருங்கினால் குரைத்துக்கொண்டு முன்னே வருகிறது. கிழட்டுக் கிடாய் ஒன்றின் பின்னால் ஒதுங்குவதுபோல ஆடுகள் அதன் பின்னால் வந்து நெருங்கிக்கொள்கின்றன.

டார்வின் சொல்லும் இன்னொரு சிறு விவரம் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. தினமும் ஒரு தடவை இந்த நாய் இறைச்சித் துண்டுக்காகப் பண்ணை வீட்டுக்கு வருகிறது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வெட்கப்பட்டதுபோலப் பதுங்கிப் பதுங்கிப் போய்விடுகிறது. வீட்டு நாய்களுக்கு அப்போது கொண்டாட்டம். அவற்றில் மிகச் சோப்ளாங்கியானதுகூட இந்த அந்நியனைக் கடிக்க விரட்டுகிறது. ஓடுகிற நாய் மந்தையை எட்டியதும் திரும்பி நின்று ஒரு முறை குரைக்கிறது. அவ்வளவுதான், விரட்டி வந்தவை எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம் பிடிக்கின்றன.

ஒரே நாய். முற்றத்தில் கோழை, மந்தையின் விளிம்பில் வீரன். நடுவில் சில நூறு கஜ தூரம். தைரியம் என்பது ஒருவனுக்குள் இருக்கும் குணம் என்று நம்புகிறவர்கள் இந்தச் சில நூறு கஜத்தை எப்படி விளக்குவார்கள் என்று தெரியவில்லை. நாய்க்குள் தைரியத்தின் அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. அது நிற்கும் இடம் மாறியிருக்கிறது. யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்பது மாறியிருக்கிறது.

ஆனால் என் கேள்வி தைரியம் பற்றியது அல்ல. கண் திறந்து சில நாளே ஆன ஜீவனைப் பிடித்து, அது யாரை நேசிக்க வேண்டும் என்பதை வேறொருவன் தன் லாபத்துக்காக முடிவு செய்துவிடுகிறான். பால், கதகதப்பு, வாசனை எல்லாவற்றையும் அந்த முடிவுக்குத் தோதாக ஏற்பாடு செய்கிறான். மற்ற வழிகளைக் கத்தியால் அடைத்தும் விடுகிறான். அதற்குப் பிறகு அந்த ஜீவன் கொள்ளும் அன்பு யாருடையது? அதனுடையதா, அவனுடையதா?

இங்கே நம் நண்பர்கள் இரண்டு தரப்பினர் குறுக்கிடுவார்கள். ஸார்த்தரைப் படித்தவர், தேர்வு இல்லாத இடத்தில் தர்மமும் இல்லை, நாயை விட்டுவிட்டு மனிதனைப் பற்றி எழுது என்பார். மார்க்ஸைப் படித்தவர் இன்னும் கண்டிப்பாக, இது அடிமையின் பிரக்ஞை, பண்ணைக்காரனின் மூலதனத்தைத் தன் உறவு என்று நினைத்துக்கொண்டு கூலியில்லாமல் காக்கிறது என்பார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே அந்த முதல் சில வாரங்களை அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். 1965ல் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் சமூக நடத்தை பற்றிய பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார்கள். குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் யாரோடு பழகுகிறதோ அவர்கள்தான் அதன் சுற்றம். பிறகு கதவு சாத்திக்கொள்கிறது என்பது அதன் சாரங்களில் ஒன்று. அந்த வாரங்களில் தேர்ந்தெடுக்கும் யாரும் அங்கே இன்னும் உருவாகவில்லை. தேர்வு செய்யப்போகிறவனே அங்குதான் உண்டாகிறான். நாம் எழுதும் பாஷையையும் நாம் தேர்ந்தெடுத்தா வந்தோம்? நாம் கேட்காமலேயே காதில் விழுந்தது, கதவு சாத்திக்கொண்டது. அதன்பேரில் நமக்குள்ள பற்றைப் பொய் என்று நம்மில் யாரும் சொல்லமாட்டோம், அதைக் கிளறிவிட்டு லாபம் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும்.

கதவு வேறு பக்கம் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய ரோமானியர் வாரோ ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒருவன் இத்தாலியின் உம்ப்ரியா பகுதியில் மந்தைகளை விலைக்கு வாங்கினான். ஒப்பந்தத்தில் நாய்களும் சேர்த்தி, இடையர்கள் சேர்த்தியில்லை. இடையர்கள் மந்தையைத் தெற்கே தூர தேசத்து மேய்ச்சல் நிலம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். சில நாள் கழித்து நாய்கள், மனிதர்களைப் பிரிந்த ஏக்கம் தாளாமல், பல நாள் வழியைத் தாமாகவே கடந்து, வயல்வெளிகளில் கிடைத்ததைத் தின்றுகொண்டு உம்ப்ரியாவுக்கே வந்து சேர்ந்துவிட்டன. வாங்கியவனிடம் பத்திரம் இருந்தது, நாய் இல்லை. சொத்துக்களின் கைமாற்றத்தை நாள் முழுதும் பேரேட்டில் பதிவு செய்கிற எனக்கு இந்தக் கதையில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. இந்த நாய்கள் ஆடுகளோடு நடந்தன, மனிதரோடு வாழ்ந்தன. ஆகவே ஆடுகளை நடுக்காட்டில் விட்டுவிட்டு வந்ததில் அவற்றுக்குத் துரோக உணர்வு இருந்திருக்காது. உருகுவே நாயாக இருந்தால் கடைசிவரை அங்கேயே கிடந்திருக்கும். இரண்டையும் விசுவாசம் என்ற ஒரே சொல்லால்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பிரச்னையை முதலில் கூர்மையாகப் பார்த்தவர் பிளேட்டோ என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டவரும் அவரே. 'குடியரசு' நூலில் முதல் அத்தியாயத்திலேயே த்ராஸிமாக்கஸ் ஸாக்ரடீஸைக் கேலி செய்கிறான். இடையன் ஆட்டைக் கொழுக்க வைப்பது ஆட்டின் நன்மைக்கா, தன் நன்மைக்கா? ஆளுகிறவனும் அப்படித்தான். இந்த வாதத்துக்கு ஸாக்ரடீஸ் சொல்லும் பதில் எனக்கு என்றைக்கும் திருப்தி தந்ததில்லை. ஆனால் த்ராஸிமாக்கஸின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு குறை இருக்கிறது. அதில் இடையன் இருக்கிறான், ஆடு இருக்கிறது, நாய் இல்லை. நாய் அடுத்த அத்தியாயத்தில்தான் வருகிறது. நகரத்தின் காவலர்கள் தெரிந்தவரிடம் சாதுவாகவும் அந்நியரிடம் கடுமையாகவும் இருக்க வேண்டும், நல்ல நாயிடம் இந்த இரண்டும் ஒன்றாக இருக்கின்றன என்கிறார் ஸாக்ரடீஸ். தெரிந்ததை நேசிப்பதால் நாய் ஒரு தத்துவவாதி என்று ஒரு சிரிப்பும் சிரிக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் சிரிப்பு போய்விடுகிறது. மந்தைக்குக் காவலாக வளர்த்த நாய்களே பசியாலோ கெட்ட பழக்கத்தாலோ ஆடுகளின்மேல் பாய்ந்து ஓநாயாகிவிட்டால் அதைவிட வெட்கக்கேடு இடையனுக்கு வேறு என்ன என்று கேட்கிறார்.

அந்தப் பயத்துக்கு அவர் கண்ட மருந்து என்ன? ஒரு பொய். நீங்கள் எல்லோரும் இந்த மண்ணின் வயிற்றில் ஒன்றாக உருவானவர்கள், சகோதரர்கள் என்று காவலர்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும் என்கிறார். அதாவது, காக்கப்படுகிறவர்கள் காக்கிறவனின் உறவாக இல்லாதவரை காவல் நிலைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த உறவைக் கதையால் உண்டாக்கப் பார்க்கிறார். கதையைச் சொல்லும்போதே அவருக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. கேட்கிறவர்கள் நம்புவார்களா என்ற சந்தேகமும் இருக்கிறது. பிளேட்டோவைப் பற்றிக் கேள்விகூடப் பட்டிராத உருகுவேப் பண்ணைக்காரன் கதை எதுவும் சொல்லவில்லை. பால் கொடுத்தான். கதையை ஒருநாள் மறுக்கலாம், பொய் என்று கண்டுபிடிக்கலாம். குடித்த பாலை என்ன செய்வது? ஆடு நாயின் சகோதரன் அல்ல என்பது உயிரியலில் உண்மை. இந்த நாயின் வாழ்க்கையில் அது பொய்.

ஏற்பாட்டைச் செய்தவன் தந்திரக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தந்திரத்தின் விளைவாகப் பிறந்தது தந்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? நான் வேலை பார்க்கும் கிளையின் வாசலில் ஒரு காவலர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருக்கும் பணம் அவருடையதல்ல என்று அவருக்குத் தெரியும், என்னுடையதும் அல்ல என்று எனக்குத் தெரியும். இருவருக்கும் சம்பளம் வருகிறது. நேர்மையான ஏற்பாடு, இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் சாயங்காலம் அவர் எழுந்து வீட்டுக்குப் போகிறார். மந்தை நாய்க்குப் போவதற்கு வேறு வீடு இல்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்கிறது நம் பழமொழி. இந்த நாய் அழுவதில்லை, ஆட்டோடு சேர்ந்து நனைகிறது.

உணர்ச்சிவசப்படுவதாக நினைக்க வேண்டாம். இந்தக் காவலைப் பற்றி நிதானமாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1972ல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், மத்திய அரசின் நிலங்களில் விஷம் வைத்து வேட்டை மிருகங்களைக் கொல்வதைத் தடை செய்தார். கொயோட்டி என்ற சிறு ஓநாயிடமிருந்து ஆடுகளைக் காக்க வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அந்தச் சூழலில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் (2017ல் காலமானார்) அவர் மனைவி லோர்னாவும், 1970களின் பிற்பகுதியில் இத்தாலி, துருக்கி, அன்றைய யுகோஸ்லாவியா ஆகிய நாடுகளிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து பண்ணைகளில் விட்டுப் பல வருஷம் கவனித்தார்கள். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் சொல்லும் லட்சணம் மூன்று: மந்தையோடு ஒட்டியிருப்பது, மந்தைக்குத் தீங்கு செய்யாதிருப்பது, மந்தையைக் காப்பது. மூன்றாவது, முதல் இரண்டும் சரியாக அமைந்தால் தானே வருவது. சண்டை அபூர்வம். நாய் குரைக்கிறது, குறுக்கே நடக்கிறது, முகர்கிறது, சில சமயம் ஓநாயிடமே விளையாட வருவதுபோல வாலாட்டுகிறது. வேட்டையின் ஒழுங்கு கலைந்துபோய் ஓநாய் போய்விடுகிறது. வீரக் கதைகளில் வளர்ந்த நமக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இத்தாலியில் அப்ரூஸ்ஸி மலையின் வெள்ளை நாய்களுக்கு இரும்பு முள் வைத்த கழுத்துப்பட்டை கட்டும் வழக்கம் இருப்பதால், சண்டையே வராது என்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் காவலின் பெரும்பகுதி, அங்கே இருப்பதுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு நாயும் ஆட்டு மந்தையைச் சுற்றி உண்டு. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லைப்புறத்துக் கோலி. பதுங்கி, கண்ணை எடுக்காமல் பார்த்து, பாய்வதுபோலப் பாவனை செய்து ஆடுகளை ஓட்டுகிறது. ஓநாயின் வேட்டையில் கொலைக்கு முந்திய பகுதியை மட்டும் மனிதன் அதில் வளர்த்து வைத்திருக்கிறான். ஆடுகள் நகர்வது பயத்தால். கோலியின் கண் ஆட்டின்மேல் இருந்தாலும் காது எஜமானனின் சீழ்க்கையில் இருக்கிறது. புத்தி சாமர்த்தியத்தில் இதற்கு இணையில்லை என்கிறார்கள், இருக்கட்டும். நம் விமரிசகர்களில் பலர் இந்த ஜாதி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காவல் நாயிடம் அந்தப் பார்வையும் பதுங்கலும் வெளிப்படுவதே இல்லை. அதனால்தான் ஆடு அதன் பக்கத்தில் படுத்து அசை போட முடிகிறது. இது இனத்தின் குணம் மட்டுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ மக்கள் எந்த உயர்ந்த ஜாதியும் இல்லாத கலப்பு நாய்களைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு பட்டியில் வளர்த்துக் காவலுக்கு வைத்திருந்ததை 1985ல் வெளியான ஓர் ஆய்வு விவரிக்கிறது.

இந்த அன்பின் இருட்டான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பருவம் வந்துகொண்டிருக்கும் நாய்க்கு ஆட்டுக்குட்டி விளையாட்டுத் தோழன். காதைக் கவ்வுகிறது, ரோமத்தைப் பிடித்து இழுக்கிறது, துரத்துகிறது. இன்னொரு நாய்க்குட்டியாக இருந்தால் திருப்பிக் கடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். ஆட்டுக்குட்டி சில சமயம் செத்துப்போகிறது. டார்வினும் இந்த முரட்டு விளையாட்டைக் கவனித்திருக்கிறார். இதற்காகச் சில பண்ணைகளில் இளம் நாயின் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுகிறார்கள், நம் ஊரில் அடங்காத மாட்டுக்குத் தொண்டுக்கட்டை கட்டுவதுபோல. செத்த குட்டியின் பக்கத்தில் நிற்கும் நாயை ஓநாய் என்று சொல்ல முடியாது. பசியோ விரோதமோ அதற்கு இல்லை. தன்னைப்போலவே மற்றதும் என்று நினைத்தது, அவ்வளவே. இப்படிச் செத்த குட்டியை பிளேட்டோவின் பயப்பட்டியலில் எந்த இடத்தில் வைப்பது?

கடைசியில் கசாப்புக் கடை. இத்தனை இரவுகள் காத்த ஆடுகளில் பெரும்பகுதி ஒருநாள் வண்டி ஏறுகின்றன. த்ராஸிமாக்கஸ் இங்கே மறுபடியும் சிரிப்பான், பார்த்தாயா, நாயும் இடையனின் கையாள்தான் என்று. இடையனைப் பற்றி அவன் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாயின் செயலை அந்தக் கணக்கில் எழுத நான் தயாரில்லை. ஓநாய் வந்த இரவில் ஆடு காப்பாற்றப்பட்டது, அந்த இரவு ஆட்டுக்குக் கிடைத்தது. இடையன் தன் லாபத்தைத் தன் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். அந்த இரவைத் தன் தர்மமாகக் காட்டிக்கொள்ள அவனுக்கு உரிமையில்லை. உள்நோக்கம் அவனுடையது, காவல் நாயுடையது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் கணக்கு எப்போதும் உதைக்கும்.

ஏற்பாட்டின் நோக்கம் மாறியும் செயல் அப்படியே இருந்ததற்குச் சமீப காலத்தில் சாட்சிகள் கிடைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் ஊரை ஒட்டி மிடில் ஐலண்ட் என்று ஒரு சிறு தீவு. கடல் வற்றும் நேரங்களில் நரிகள் அதற்கு நடந்தே போய்ச் சிறு பெங்குவின்களைக் கொன்று தீர்த்தன. நூற்றுக்கணக்கில் இருந்தவை 2005ல் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. 2006ல் அங்கே மரெம்மா என்ற இத்தாலியக் காவல் நாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். நரிகள் நின்றன, பறவைகள் பெருகின. 2017ல் நாய்கள் தீவில் இல்லாத ஒரு சமயம் நரிகள் மறுபடி புகுந்து பெரிய நாசம் செய்தன. பெங்குவினுக்கு ரோமம் இல்லை, அது பால் கொடுப்பதில்லை, அதை யாரும் கசாப்புக்கு அனுப்புவதுமில்லை. நமீபியாவில் 1994 முதல் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதி என்ற அமைப்பு துருக்கிய வழிக் காவல் நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறது. அங்கே காக்கப்படுவது வெள்ளாடு. ஆடு சாகாததால் விவசாயி துப்பாக்கியை எடுப்பதில்லை. அதனால் பிழைத்துக்கொள்வது சிவிங்கிப்புலி, எதை எதிர்த்து நாய் குரைக்கிறதோ அந்தப் பிராணி. இவற்றைக் கேட்டு, இப்போது நாயின் செயல் பரிசுத்தமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உருகுவேயில் அது எப்படி இருந்ததோ அப்படியேதான் இங்கேயும் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் நிஜமாகவே நிர்ப்பந்திக்கப்பட்ட ஜீவன் எது என்று கேட்டால், நாயைவிட முதலில் எனக்கு அந்தத் தாய் ஆடுதான் நினைவுக்கு வருகிறது. தத்துவத்தில் அதற்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. டார்வினும் ஒரே வாக்கியத்தில் அதைக் கடந்துவிடுகிறார். ஓநாயின் வாடை வீசும் ஒரு குட்டியை மடிக்குக் கீழே விடுகிறார்கள். ஆடு உதைக்கிறது, விலகப் பார்க்கிறது. கால்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். நாளைக்கு மூன்று நான்கு தடவை. நாய்க்காவது அன்பு என்ற லாபம் கிடைத்தது. ஆட்டின் பங்குக்குக் கிடைத்தது இரண்டு கைகளின் பிடி மட்டுமே. பிற்பாடு அதன் மந்தைக்குக் கிடைத்த இரவுகளெல்லாம் அந்தப் பிடியிலிருந்து வந்தவை. காயடித்த நாய்க்கு வாரிசு கிடையாது. அது கற்றுக்கொண்ட உறவு அதனோடு போய்விடும். அது கிழடாகும்போது வேறொரு குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, வேறொரு ஆட்டைப் பிடித்து நிறுத்துவார்கள்.